மரு வருவது சாபத்தாலா, கிருமியாலா?

சென்ற மாதம் மேல்பிரிவு லயத்துக்குப் போனபோது ஒரு பிள்ளை கையைக் கவுனுக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். விரல் முழுக்க மரு. பாட்டி பெற்றரி அசிட் தொட்டு வைத்ததில் இரண்டு இடம் வெந்து புண்ணாகியிருந்தது. "சாபம் பிடிச்ச கைன்னு வகுப்பில பக்கத்தில உட்கார விடமாட்டேங்கிறாங்க ஐயா" என்று தாய் அழுதார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மரு சாபத்தால் வருவதல்ல. 1907இல் சியுஃபோ என்ற இத்தாலிய டொக்டர் மருவை அரைத்து, பக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரைத் தன் கையிலேயே ஏற்றிக்கொண்டார். சில மாதம் கழித்து அங்கே மரு முளைத்தது. பக்டீரியாவை விடச் சிறிய வைரஸ்தான் காரணம் என்று அப்படித் தெரிய வந்தது. இந்த வைரஸில் 200க்கு மேல் வகை உண்டு.

அப்படியானால் ஒரே பீலியில் குளிக்கும் எல்லாருக்கும் ஏன் வருவதில்லை? ஓர் அபூர்வ நோய் இதற்கு விளக்கம் தருகிறது. உடம்பெல்லாம் மரு போலப் பரவும் அந்த நோயைப் பற்றி 1922இல் லெவண்டோவ்ஸ்கி, லுட்ஸ் என்ற இரு டொக்டர்கள் எழுதினார்கள். அது பரம்பரையா, வைரஸா என்ற கேள்வி இருந்தது. இரண்டும்தான் என்று பிறகு தெரிந்தது. அந்த வைரஸ் பலருடைய தோலில் தொல்லையில்லாமல் இருக்கிறது. பிறவிக் குறை உள்ளவரின் உடம்பால் மட்டும் அதை அடக்க முடிவதில்லை. அந்தக் குறைக்குக் காரணமான இரண்டு மரபணுக்களை 2002இல் கண்டுபிடித்தார்கள். விதை ஒன்றானாலும் மண்ணைப் பொறுத்துத்தானே முளைக்கும்!

சாதாரண மரு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாகவே உதிர்ந்துவிடும். அதனால்:

• அசிட் வைக்காதீர்கள், பிளேட்டால் வெட்டாதீர்கள், கடிக்க விடாதீர்கள்.
• ஒருவர் துவாயை மற்றவர் பாவிக்க வேண்டாம்.
• இரத்தம் கசிந்தால், வேகமாக வளர்ந்தால், நிறம் மாறினால், வயதானவருக்குப் புதிதாக வந்தால் தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

இதே குடும்பத்து வேறு சில வகை வைரஸ்தான் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாசல் புற்றுநோயைக் கொண்டுவருவது. அதைத் தடுக்கும் ஊசியை நம் நாட்டில் 2017 முதல் 6ஆம் தரப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடத் தொடங்கினார்கள். கடிதம் வந்தால் தட்டிக்கழிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

அந்தப் பிள்ளையின் புண் டிஸ்பென்சரி மருந்தில் ஆறிவிட்டது. மரு இன்னும் இருக்கிறது. அது போகும் வரைக்கும் அவள் பக்கத்தில் உட்காரச் சொல்லி நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.