துங்கைக் கரையில் ஒரு தவளைக்குக் கிடைத்த நிழல்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் சிருங்கேரியில் மழை ஓய்வதில்லை. பாக்குத் தோப்புகளின் மீதும், ஓட்டு வீடுகளின் மீதும், சாரதாம்பாள் ஆலயத்தின் கோபுரத்தின் மீதும் இரவு பகலாகப் பெய்துகொண்டே இருக்கிறது. கோடையில் பளிங்கு போலத் தெளிந்து ஓடிய துங்கை நதி, செம்மண் கரைந்து சிவந்து, படித்துறையின் படிகளை ஒவ்வொன்றாக விழுங்கியபடி மேலேறி வருகிறது.

அந்தப் படித்துறையில் ஒரு சின்னஞ்சிறு சந்நிதி உண்டு. உள்ளே ஒரு கற்சிற்பம்: படம் விரித்த நாகம், அதன் நிழலில் ஒரு தவளை. கன்னட மொழியில் ‘கப்பே’ என்றால் தவளை. ஆகவே இச்சந்நிதிக்குக் ‘கப்பே சங்கரர்’ என்று பெயர். பெருமழைக் காலங்களில் வெள்ளம் இந்தச் சந்நிதியை மூடிவிடும். பின்னர் நீர் வடியும், வண்டல் கழுவப்படும், மீண்டும் பூ சாத்தப்படும். அன்னையைத் தரிசித்துவிட்டு அவசரமாகப் பேருந்துக்குத் திரும்பும் பக்தர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆனால், இந்தத் தலத்தின் வரலாறு தொடங்குவதே இங்குதான்.

பகை மறந்த மண்

கர்நாடக மாநிலம் சிக்கமகளூரு மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர் சிருங்கேரி. சில ஆயிரம் பேரே வசிக்கும் ஊர். மெல்ல நடந்தாலே சிறிது நேரத்தில் கடைவீதியைக் கடந்துவிடலாம். இவ்வளவு சிறிய ஊரை ஆதிசங்கரர் தம் பீடத்துக்கு உரிய இடமாக ஏன் தேர்ந்தெடுத்தார்?

பாரத தேசம் முழுவதும் பாதயாத்திரையாகச் சென்றுகொண்டிருந்த சங்கரர், ஒரு நண்பகல் வேளையில் துங்கைக் கரையை அடைந்தார். வெயில் சுட்டெரித்தது. அங்கே கருவுற்ற தவளை ஒன்று பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தது. அதன் அருகே ஒரு நாகம். நாகத்துக்குத் தவளை இரை. ஆனால், அந்த நாகம் தன் படத்தைக் குடையாக விரித்துத் தவளைக்கு நிழல் தந்துகொண்டிருந்தது. இயற்கையான பகையும் இல்லாமல் போகும் இந்த மண்ணே அன்னைக்கு ஏற்ற இடம் என்று சங்கரர் தெளிந்தார் என்கிறது தல ஐதிகம்.

பாறையில் ஸ்ரீசக்கரத்தை வரைந்து, அதன்மேல் சந்தன மரத்தாலான சாரதாதேவியின் திருவுருவத்தை அவர் பிரதிஷ்டை செய்தார். தம் சீடர் சுரேஸ்வரரை முதல் ஆசாரியராக அமர்த்தினார். பிற்காலத்தில் வித்யாரண்யர் பொன்னாலான திருமேனியை நிறுவினார் என்பது மடத்தின் மரபு. விஜயநகரப் பேரரசை நிறுவிய ஹரிஹரரும் அவர் சகோதரர்களும் இங்கு வந்து வணங்கி நிலக்கொடை அளித்ததை 1346ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. வேந்தர்கள் வந்து வணங்கிய இப்பீடத்தின் கதை, ஒரு தவளையின் வேதனைக்குக் கிடைத்த நிழலிலிருந்து தொடங்குகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மழையோடு வந்த முனிவர்

இவ்வூரின் பெயரிலேயே மழை இருக்கிறது. ரிஷ்யசிருங்கர் வாழ்ந்த மலை ‘ரிஷ்யசிருங்க கிரி’. அதுவே மருவிச் சிருங்கேரி ஆயிற்று என்பர். அங்க நாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, காட்டை விட்டு வெளியே வந்தறியாத அந்த இளம் முனிவரை ரோமபாத மன்னன் வரவழைத்தான். அவர் திருவடி பட்டதும் அந்நாட்டில் மழை கொட்டியது. தசரத சக்கரவர்த்தியின் புத்திரகாமேஷ்டி யாகத்தை நடத்திக்கொடுத்தவரும் இவரே. இவருடைய தந்தை விபாண்டகர் ஜோதியாகக் கலந்த லிங்கமே, ஊரின் நடுவே சிறு குன்றின்மேல் உள்ள மலஹானிகரேஸ்வரர் என்பது நம்பிக்கை.

சிருங்கேரியிலிருந்து சுமார் 10 கி.மீ. தொலைவில் உள்ள கிக்கா என்ற சிற்றூரில் ரிஷ்யசிருங்கேஸ்வரர் ஆலயம் இருக்கிறது. மழை வேண்டி இங்கே பிரார்த்திப்பது வழக்கம். மழை அளவு மீறினால், அதை நிறுத்தும்படி வேண்டிக்கொள்வதும் இதே சந்நிதியில்தான்! மழையின் அருமையையும் சீற்றத்தையும் ஒருங்கே அறிந்த மக்களின் வழிபாடு இது. அருகிலுள்ள ஆகும்பேயில் ஆண்டுக்குச் சராசரியாக 7,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. சென்னை மாநகரம் ஓராண்டில் பெறும் மழையைப் போல இது ஏறத்தாழ ஐந்து மடங்கு.

காடே முதல் கருவறை

இவ்வளவு மழையும் சில மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. அப்படியிருக்க, பங்குனி, சித்திரையிலும் துங்கை வற்றாமல் ஓடுவது எப்படி? அதற்கான விடை காட்டில் இருக்கிறது. மழைக்காட்டில் ஒரு துளி நேராக மண்ணைத் தொடுவதில்லை. உயர்ந்த மரங்களின் இலைகள் அதை முதலில் ஏந்துகின்றன. அடுத்து நடுத்தர மரங்கள். பிறகு செடிகளும் புதர்களும். இறுதியில் தரையில் படிந்திருக்கும் சருகு மெத்தை அதை வாங்கி மண்ணுக்குள் அனுப்புகிறது. வேர்கள் துளைத்த மண் அந்த நீரைத் தேக்கிவைத்து, கோடையெல்லாம் ஊற்றாகக் கசியவிடுகிறது. மலைச் சிகரங்களில் விரிந்திருக்கும் புல்வெளிகளும் சோலைகளும் இதே தொண்டைச் செய்கின்றன. மரங்களை வெட்டிவிட்டால் அதே மழை ஒரே நாளில் வெள்ளமாகப் பாய்ந்து மண்ணையும் வாரிக்கொண்டு போய்விடும். கோடையில் நதியில் மணல் மட்டுமே மிஞ்சும்.

துங்கை பிறக்கும் கங்காமூலம், வராக பர்வதத்தில் குதிரேமுக் தேசியப் பூங்காவுக்குள் அமைந்துள்ளது. பத்திரை, நேத்ராவதி ஆகிய நதிகளும் அங்கேயே உற்பத்தியாகின்றன. நேத்ராவதி மேற்கே சென்று மங்களூரில் அரபிக்கடலை அடைகிறது. துங்கையும் பத்திரையும் சிவமொக்கா அருகே கூட்லியில் சங்கமித்துத் துங்கபத்திரையாகி, கிருஷ்ணா நதியோடு கலந்து கிழக்குக் கடலை நோக்கிச் செல்கின்றன.

இந்த மலைகளுக்கும் சோதனைக் காலம் வந்தது. குதிரேமுக் பகுதியில், பத்திரையின் நீர்ப்பிடிப்பில், சுமார் 25 ஆண்டுகள் இரும்புத்தாது வெட்டியெடுக்கப்பட்டது. மழையில் கரைந்த சுரங்க மண் நதியில் கலந்தது. மக்களின் போராட்டத்தையும் வழக்குகளையும் தொடர்ந்து உச்ச நீதிமன்றம் ஆணையிட, 2005ஆம் ஆண்டின் இறுதியோடு சுரங்கப் பணி நின்றது. 2012இல் யுனெஸ்கோ அமைப்பு மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, குதிரேமுக், ஆகும்பே காடுகளும் அதில் இடம்பெற்றன.

ஐதிகத்தில் வரும் நாகமும் தவளையும் இக்காட்டில் இன்றும் வாழ்கின்றன. உலகில் வேறெங்கும் காண இயலாத தவளை இனங்கள் பல மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. தவளை தன் தோலின் வழியாகவும் நீரையும் காற்றையும் உட்கொள்வது. ஆகவே நீரில் நஞ்சு கலந்தால் முதலில் துன்புறுவது அதுதான். இரவில் தவளைக் குரல் நிறைந்து கேட்கும் ஓடை, நலமாக உள்ள ஓடை.

ஆகும்பே காடு ராஜநாகத்துக்குப் பெயர் பெற்றது. கதையில் வரும் நல்ல பாம்பு வேறு, ராஜநாகம் வேறு. பிற பாம்புகளையே முக்கிய உணவாகக் கொள்ளும் ராஜநாகத்தின் தாய், சருகுகளைக் கூட்டிக் கூடு கட்டி, அதில் முட்டையிட்டுக் காவல் காக்கிறது. சென்னையில் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகர், 2005இல் ஆகும்பேயில் மழைக்காட்டு ஆய்வு நிலையத்தைத் தொடங்கி, ராஜநாகத்தின் வாழ்க்கை முறையை ஆராய வழிவகுத்தார்.

படித்துறையின் மீன்கள்

‘கங்கையில் குளி, துங்கையைக் குடி’ என்பது கன்னட நாட்டு வழக்கு. துங்கை நீரின் சுவைக்கு மக்கள் அளித்த சான்றிதழ் அது. அந்த நீரில், ஆலயப் படித்துறையை ஒட்டி, கெண்டை இனத்தைச் சேர்ந்த பெரிய மீன்கள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. மஹ்சீர் என்னும் அரிய மீனும் அவற்றுள் உண்டு. இங்கே யாரும் தூண்டில் இடுவதில்லை, வலை வீசுவதில்லை. அன்னையின் மீன்கள் என்ற எண்ணமே அவற்றுக்கு வேலி. குழந்தைகள் படியில் அமர்ந்து பொரியைத் தூவ, மீன்கள் முதுகு தெரிய மேலெழுந்து வாய் திறக்கும் காட்சி, பார்ப்பவர் மனத்தை விட்டு அகலாதது.

ஆனால், பொரி தீர்ந்த பிறகு அந்த நெகிழிப் பை எங்கே போகிறது? புனித நீராடுவோர் தேய்க்கும் சோப்பின் நுரை எங்கே போகிறது? நதியில் விடப்படும் பழைய துணிகள் எந்த வேரில் சிக்குகின்றன? மீனுக்கு உணவளித்த கையே அது குடிக்கும் நீரைக் கெடுத்தால், அந்த உணவு தானமாகுமா? நதிக்கு மதில் கிடையாது. நமது பயபக்தி எந்தப் படியோடு நின்றுவிடுகிறதோ, மீனின் பாதுகாப்பும் அந்தப் படியோடு நின்றுவிடுகிறது. குடிப்பதற்கு உரியது என்று முன்னோர் போற்றிய நதியை, குடிப்பதற்கு உரியதாகவே அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்வதும் வழிபாடே.

இதற்கான பாடம் நம் மரபிலேயே இருக்கிறது. சந்நியாசிகள் ஆடிப் பௌர்ணமியில் வியாச பூஜை செய்து சாதுர்மாஸ்ய விரதத்தைத் தொடங்குவர். ஊர் ஊராகச் செல்ல வேண்டிய துறவிகள், மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்குவது ஏன்? மண் நனைந்ததும் புழுவும் பூச்சியும் தவளையும் வெளியே வருகின்றன. நடக்கும் பாதம் அவற்றை மிதித்துவிடக் கூடாது என்பதே காரணம். ஒரு சிற்றுயிருக்காகத் தம் பயணத்தையே நிறுத்திக்கொள்ளும் மரபு இது.

யாத்திரை செல்வோருக்கு

சாரதாம்பாள் சந்நிதிக்கு அருகிலேயே, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வித்யாசங்கரர் ஆலயம் உள்ளது. அதன் மண்டபத்தில் 12 ராசிகளுக்குரிய 12 தூண்கள் அமைந்துள்ளன. அந்தந்த மாதத்துக்குரிய தூணில் காலைக் கதிர் படும் என்பர். தூண்களில் உள்ள யாளிகளின் வாயில் உருளும் கல் பந்துகள் சிற்பிகளின் திறமைக்குச் சான்று. நதியின் மீதுள்ள நடைபாலத்தைக் கடந்தால் நரசிம்மவனம். அங்கே முந்தைய ஆசாரியர்களின் அதிஷ்டானங்களை அமைதியாக வலம்வரலாம். கிழக்கில் காலபைரவர், தெற்கில் துர்க்கை, மேற்கில் ஆஞ்சநேயர், வடக்கில் காளி என ஊரைக் காக்கும் நான்கு தெய்வங்களையும் தரிசிப்பது சிறப்பு. மடத்தில் பக்தர்களுக்கு அன்னதானம் நடைபெறுகிறது. குழந்தைகளுக்கு அட்சராப்பியாசம் செய்விக்கவும் பெற்றோர் இங்கு வருகின்றனர்.

சிருங்கேரிக்கு ரயில் கிடையாது. மங்களூர், உடுப்பி, சிவமொக்கா, பெங்களூரு ஆகிய ஊர்களிலிருந்து சாலை வழியாக வரலாம். உடுப்பியிலிருந்து வருவோர் ஆகும்பே மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, காட்டின் நடுவே பயணம் செய்வர். ஆடி, ஆவணியில் செல்வோர் பலத்த மழைக்கும், காட்டுப் பாதைகளில் அட்டைக்கும் ஆயத்தமாக இருத்தல் நலம். நதி பெருகியிருக்கும்போது படித்துறையில் இறங்கக் கூடாது. மழை தணிந்து காடு பசுமை பொங்க நிற்கும் நவராத்திரிக் காலத்தில், அன்னை நாளொரு அலங்காரத்தில் காட்சி தருகிறாள்.

கலைமகளின் சந்நிதியில் குழந்தை முதல் எழுத்தை எழுதி முடித்ததும், அதன் கையைப் பிடித்துப் படித்துறைக்கு அழைத்துச் செல்லுங்கள். கப்பே சங்கரர் சந்நிதியின் முன் நிறுத்தி, நாகத்தையும் தவளையையும் காட்டுங்கள். வலிமை என்பது எளியவற்றுக்கு நிழல் தருவதற்கே என்ற பாடத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதிலும் அந்தக் கல் சொல்லிக்கொடுக்கும். பின்னர் பொரிப் பையை மடித்து, மறவாமல் உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்.