தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீரா?
நுண்துகள் பில்டர் வாங்குமுன் நமது வியாபாரிகள் அறிய வேண்டியவை

அலங்கார மீன் வாங்க வருகின்றவர் முதலில் பார்ப்பது மீனையல்ல, தண்ணீரைத்தான். தொட்டி கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் கேட்ட விலையைத் தருகிறார். சற்றுக் கலங்கியிருந்தாலும் மீனில் ஏதோ நோய் என்று சந்தேகப்பட்டு விலையைக் குறைக்கிறார். கற்பிட்டி தொடக்கம் சிலாபம் வரையான நமது கரையோரத்தில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களும், இறால் குஞ்சு பொரிப்பகம் நடத்துபவர்களும் நுண்துகள் பில்டர்களில் ஆர்வம் காட்டுவதற்கு இதுவே பிரதான காரணம்.

ஆர்வம் தவறல்ல. ஆனால் "ஒரு மைக்ரோன் பில்டர் பூட்டினால் வெண்புள்ளி நோயே வராது" என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். காசைக் கொடுக்குமுன் இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

மைக்ரோன் கணக்கு

ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன். நமது தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரோன் தடிப்பு. நல்ல மணல் பில்டர் 20, 30 மைக்ரோன் வரையிலான துகள்களைப் பிடிக்கும். நூல் சுற்றிய அல்லது அழுத்திச் செய்த கார்ட்ரிட்ஜ் பில்டர்கள் 20, 10, 5, 1 மைக்ரோன் அளவுகளில் கிடைக்கின்றன.

இனி வெண்புள்ளி விடயத்துக்கு வருவோம். இந்தப் பெயரில் இரண்டு நோய்கள் உண்டு. மீனின் உடலில் உப்புத் தூவியதுபோல் வரும் வெண்புள்ளிக்குக் காரணம் ஓர் ஒட்டுண்ணி. அது தண்ணீரில் நீந்தித் திரியும் பருவத்தில் சுமார் 25 முதல் 60 மைக்ரோன் பருமன் கொண்டது. 5 மைக்ரோன் பில்டரில் அது சிக்கிவிடும். இறாலின் ஓட்டில் வரும் வெண்புள்ளிக்குக் காரணம் ஒரு வைரஸ். அதன் நீளம் சுமார் 0.3 மைக்ரோன், அகலம் 0.1 மைக்ரோன் மட்டுமே. ஒரு மைக்ரோன் பில்டரின் துளைக்குள்ளால் அது தாராளமாகப் போய்விடும். விற்பவர் சொல்வது மீன்காரருக்குப் பாதி உண்மை, இறால்காரருக்கு முழுப் பொய். பாதி உண்மை என்பதற்கும் காரணமுண்டு. மீனின் தோலுக்குள் இருப்பதையும் தொட்டியின் அடியில் முட்டைக்கூடு கட்டியிருப்பதையும் எந்தப் பில்டரும் பிடிக்காது.

1996 சொன்ன பாடம்

இறால் வெண்புள்ளி வைரஸ் 1996ஆம் ஆண்டு நமது மாவட்டத்தைத் தாக்கியது. கைவிடப்பட்ட இறால் குளங்களை இன்றும் காணலாம். முந்தல், ஆராச்சிக்கட்டுவ, சிலாபம் பக்கத்துப் பண்ணைகள் பலவற்றுக்கு டச்சுக் கால்வாயும் களப்புகளுமே தண்ணீர் தரும் இடம். கழிவு நீர் போய்ச் சேருவதும் அங்கேதான். ஒருவர் வெளியேற்றிய தண்ணீரை அடுத்தவர் மோட்டார் போட்டு உள்ளே எடுத்தார். அதனால் நோயும் பண்ணைக்குப் பண்ணை தொற்றியது.

பொதுத் தண்ணீரால் வரும் ஆபத்து நமக்கு மட்டும் உரியதல்ல. 1892இல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் வாந்திபேதி பரவி 8,000க்கும் அதிகமானோர் இறந்தனர். அந்நகரம் எல்ப் ஆற்று நீரை வடிகட்டாமல் விநியோகித்தது. அதே ஆற்றின் கீழ்ப்பக்கத்தில், ஹம்பர்க்கின் கழிவு வந்து சேரும் இடத்தில், தண்ணீர் எடுத்த அல்டோனா நகரம் பெருமளவில் தப்பியது. காரணம், அங்கு தண்ணீரை மெதுவாக மணலில் வடித்தே கொடுத்தார்கள். விலை கூடிய கருவி எதுவும் அங்கு இருக்கவில்லை. சாதாரண மணல்தான், ஆனால் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட மணல். அதன் மேற்பரப்பில் வளரும் உயிர்ப்படலம் கிருமிகளைப் பிடித்துக்கொண்டது.

வைரஸுக்கு மணலும் போதாது. ஆனால் வைரஸ் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. சிறு நண்டு, காட்டு இறால், நுண்ணிய ஓட்டுயிர்கள் ஆகியவற்றின் உடலில் ஏறியே பண்ணைக்குள் வருகிறது. இவற்றைத் தடுக்க 250, 300 மைக்ரோன் வலைப் பை போதும். அதாவது, பண்ணைக் குளத்தைப் பொறுத்தவரை நோயைத் தடுக்கும் முதல் ஆயுதம் மலிவான வலைதான். மிகுதியைச் செய்வது, குஞ்சுகளை விடுமுன் செய்யும் பீ.சீ.ஆர். பரிசோதனையும், வலயங்களாகப் பிரித்துக் குஞ்சு விடும் காலத்தை நிர்ணயிக்கும் நக்டாவின் பயிர் நாட்காட்டியுமே.

அப்படியானால் நுண்பில்டர் எதற்கு?

குஞ்சு பொரிப்பகத்துக்கும் மீன் தொட்டிக்கும் அது மிகவும் தேவை. கிருமியைக் கொல்லும் யூ.வி. விளக்கின் கதிர், கலங்கிய தண்ணீரில் ஊடுருவாது. துகளின் நிழலில் கிருமி உயிரோடு தப்பிவிடும். குளோரினும் அப்படித்தான். அழுக்குத் துகள்கள் குளோரினைத் தின்றுவிட்டால் கிருமிக்கு மிஞ்சாது. ஆகவே நுண்பில்டர் தானே கிருமியைக் கொல்லாவிட்டாலும், கொல்லும் வேலைக்கு வழி திறந்து கொடுக்கிறது.

இதற்கு ஒரு வரிசை உண்டு. கடல் நீரை அல்லது களப்பு நீரை முதலில் ஒரு தாங்கியில் தங்கவைத்து மண்டியை அடியில் படியவிட வேண்டும். பின் மணல் பில்டர். அதன்பின் 10, 5, 1 மைக்ரோன் கார்ட்ரிட்ஜ்கள். கடைசியில் யூ.வி. விளக்கு. குளோரின் இடுபவர்கள் மணல் பில்டருக்குப் பின் இட்டு, நன்றாகக் காற்றூட்டி, மிஞ்சிய குளோரினைச் சோடியம் தயோசல்பேற்றினால் நீக்கிவிட்டே பயன்படுத்த வேண்டும்.

வரிசையை மீறினால் நட்டம் எப்படி வரும்? வடகீழ்ப் பருவமழை காலத்தில் கலா ஓயாவும் மீ ஓயாவும் சேறு கொண்டு வந்து களப்பைக் கலக்கிவிடும். தென்மேல் பருவக்காற்றில் கடல் மணல் கிளம்பும். இந்தத் தண்ணீரை நேரே ஒரு மைக்ரோன் கார்ட்ரிட்ஜில் விட்டால் இரண்டு நாளில் அடைத்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 15 கார்ட்ரிட்ஜ். ஒன்று 1,000 ரூபா என்றாலும் 15,000 ரூபா. முன்னால் மணல் பில்டர் இருந்து அதே கார்ட்ரிட்ஜ் பத்து நாள் தாங்கினால் மூன்று போதும், 3,000 ரூபா. இது உதாரணக் கணக்குத்தான். உங்கள் தண்ணீருக்கும் இன்றைய விலைக்கும் ஏற்ப நீங்களே போட்டுப் பாருங்கள். மணலைக் கழுவலாம். அடைத்த கார்ட்ரிட்ஜைப் பெரும்பாலும் வீசத்தான் வேண்டும்.

டயட்டம் பில்டர்

தொட்டித் தண்ணீரை மினுக்கிக் காட்டுவதற்கென்றே ஒரு பில்டர் உண்டு. டயட்டம் என்ற நுண்பாசியின் ஓடுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த வெள்ளை மண்ணைத் துணிப் பையில் பூசி அதனூடாகத் தண்ணீரைச் செலுத்துகிறார்கள். இது புதுமையானதல்ல. 1891இல் ஜெர்மனியில் பேர்க்ஃபெல்ட் என்பவர் இதே மண்ணில் குடிநீர் வடிகட்டி செய்தார். நம் வீடுகளில் இருந்த வெள்ளைக் குழாய் வைத்த தண்ணீர் பில்டரும் இந்த வம்சம்தான். ஒன்றிரண்டு மைக்ரோன் துகளையும் இது பிடித்துவிடும். ஆனால் விரைவில் அடைக்கும். ஆகவே தொட்டியைக் கழுவிய பின்னரோ, ஏற்றுமதிக்கு மீன் பொதி செய்யுமுன்னரோ சில மணித்தியாலங்கள் ஓட்டி நிறுத்துவதே முறை. அந்த மாவைக் கையாளும்போது முகக்கவசம் அணிய வேண்டும். மூச்சோடு போனால் நுரையீரலைப் பாதிக்கும்.

பில்டர் செய்யாத வேலைகள்

உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு இது இலகுவாகப் புரியும். உப்புத் தண்ணீரை எத்தனை துணியில் வடித்தாலும் உப்பு போகாது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவும் அப்படியே கரைந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, மீனைக் கொல்லும். அதை மாற்றுவது உயிரியல் பில்டரில் வாழும் நல்ல பக்டீரியாக்களே. புதிய தொட்டியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். இந்தப் பொறுமை இல்லாமல் தெளிவை மட்டும் பார்த்து மீனை நிரப்புபவர்களுக்குத்தான் பெரும் நட்டம் ஏற்படுகிறது.

இன்னும் சில விடயங்களையும் கவனிக்க வேண்டும். இறால் குஞ்சுகளுக்குக் கொடுக்கும் நுண்பாசி சில மைக்ரோன் பருமன்தான். குஞ்சுத் தொட்டியிலேயே ஒரு மைக்ரோன் பில்டரை ஓடவிட்டால் குஞ்சின் உணவையே வடித்து எறிந்ததாகிவிடும். நுண்பில்டர் உள்ளே வரும் தண்ணீருக்கு உரியது. கடல் நீர்க் குழாய்களில் பித்தளைப் பொருத்திகளைப் பாவிக்கக் கூடாது. அதிலிருந்து கரையும் செம்பு இறாலுக்கு நஞ்சு. மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் மூடிய பில்டருக்குள் இருக்கும் பக்டீரியா மூச்சற்று இறந்து அழுகும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி நின்ற பில்டரில் தேங்கிய நீரை வெளியே ஊற்றிவிட்டே மீண்டும் இயக்க வேண்டும்.

வாங்குமுன் மூன்று கேள்விகள்

பில்டர் விற்பவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். எத்தனை மைக்ரோன், அந்த அளவுத் துகளில் எத்தனை வீதத்தைப் பிடிக்கும்? முன்னும் பின்னும் அழுத்தமானி உண்டா, எந்த அளவில் மாற்ற வேண்டும்? மாற்றுக் கார்ட்ரிட்ஜ் தொடர்ந்து கிடைக்குமா, என்ன விலை? மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் அவசரப்பட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன் உங்கள் தண்ணீரைப் பரிசோதித்துப் பாருங்கள். கற்பிட்டியில் நாரா நிறுவனத்தின் பிராந்திய ஆய்வு நிலையம் இருக்கிறது. நக்டாவின் விரிவாக்க உத்தியோகத்தர்களிடமும் ஆலோசனை கேட்கலாம். தண்ணீரில் என்ன குறை என்று தெரிந்த பிறகு பில்டர் வாங்கினால், கொடுக்கும் காசு வீண்போகாது.