கயிற்றை இழுத்த பிறகு

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலைக்கு நல்ல பெயரே கிடையாது. பல நாட்களில் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். வேலை நேரத்தில் குடி, திடீர் திடீரென்று வேலைநிறுத்தம், தீர்க்கப்படாமல் குவிந்து கிடந்த புகார்கள். 1982இல் ஆலையை மூடிவிட்டார்கள். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதை ‘நம்மி’ என்ற பெயரில் திறந்தன. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே, சங்கமும் அதே சங்கம்தான். ஓராண்டுக்குள் வேலைக்கு வராதவர்கள் 2 சதவீதமாகக் குறைந்தார்கள். கார்களின் தரம் ஜப்பானிய ஆலைகளை எட்டியது. ஆட்களைக் குறை சொல்லிப் பழகிய நிர்வாகிகளுக்கு இது சங்கடமான கணக்கு.

மாற்றத்தின் மையம் ஒரு கயிறு. பழைய ஆலையில் உற்பத்தி வரிசையை நிறுத்துவது பெருங்குற்றம். போல்ட் சரியாகப் பொருந்தாவிட்டாலும் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும். நம்மியில் ஒவ்வொரு தொழிலாளியின் கைக்கெட்டும் தூரத்திலும் ‘ஆண்டான்’ கயிறு ஓடியது. சந்தேகம் வந்தால் இழுக்கலாம். இழுத்ததும் ஒலி எழும்பும், பலகையில் விளக்கு எரியும், குழுத் தலைவர் வந்து பக்கத்தில் நிற்பார். கார் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் கோளாறு தீர்ந்தால் வரிசை ஓடும், தீராவிட்டால் நிற்கும். வந்தவர் “யார் செய்தது?” என்று கேட்காமல் “என்ன ஆச்சு?” என்று கேட்டதில்தான் நம்பிக்கை பிறந்தது. முதல்முறை இழுத்தவர் திட்டு வாங்கினால், அடுத்தவர் கயிற்றைத் தொடுவாரா?

இதே விஷயத்தை ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மன்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் கண்டார். நன்றாக இயங்கிய செவிலியர் குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. காரணம், அங்கே தவறை வெளியே சொல்லப் பயமில்லை.

பேச்சோடு நில்லாமல் செலவும் செய்தது நம்மி. மேலாளர்களுக்குத் தனி உணவகம் கிடையாது. குழுத் தலைவர்கள் ஜப்பானுக்குப் போய், டொயோட்டா தொழிலாளர்களின் பக்கத்தில் நின்று வேலை பழகினார்கள். 1988இல் விற்பனை சரிந்தபோது யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வேலையில்லாத நேரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். வேலை போகாது என்ற வாக்குறுதி எழுத்தில் இருந்தது, அதைத் தொழிலாளர்கள் நம்பியது அப்போதுதான்.

அதே மாநிலத்தின் வான் நைஸ் ஆலையிலும் ஜெனரல் மோட்டார்ஸ் நம்மியின் இந்த முறையைப் புகுத்திப் பார்த்தது. நிர்வாகத்தின் பேச்சைத் தொழிலாளர்கள் நம்பவில்லை. சங்கமே இரண்டாகப் பிளந்தது. மேலாளர்களுக்கோ வெளியே வரும் வண்டிகளின் எண்ணிக்கையே அளவுகோலாக நீடித்தது, வரிசை நிற்பதை அவர்கள் சகிக்கவில்லை. 1992இல் அந்த ஆலை மூடப்பட்டது.