உஷார்! எந்திரன் படத்தில் நடந்தது இப்போது நம் வாசலில்

கைப்பேசிக்குப் போர் வீடியோ ஒன்று வந்தால், அதை அடுத்தவருக்குத் தள்ளிவிடும் முன் கையை எடுத்துவிடுங்கள். 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நாள்களில், நிஜப் போர் என்று சொல்லி வலம் வந்த காட்சிகளில் சில 'ஆர்மா 3' என்ற கணினி விளையாட்டில் இருந்து எடுக்கப்பட்டவை. இந்த விளையாட்டின் காட்சிகளைப் போர்ச் செய்தியாகப் பரப்புகிறார்கள் என்று அதை உருவாக்கிய செக் நாட்டு நிறுவனமே 2022 நவம்பரில் எச்சரித்திருந்தது. அப்படியும் நாம் ஏமாந்தோம். பெருந்துறையில் டீக்கடை பெஞ்சிலும், சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸிலும் உட்கார்ந்துகொண்டு, நடக்காத தாக்குதல்களுக்காக ஆத்திரப்படும் நிலைக்கு வந்துவிட்டோம்.

இயந்திரம் காட்டுவதையும் செய்வதையும் கண்மூடி நம்பாதே என்றுதான் விஞ்ஞானக் கதைப் படங்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகின்றன. நாம்தான் கிராஃபிக்ஸை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

2010 அக்டோபரில் வந்த 'எந்திரன்' படத்தை நினைத்துப் பாருங்கள். விஞ்ஞானி வசீகரன், சிட்டி என்ற ரோபோவை உருவாக்குவது ராணுவத்துக்காக. பரிசோதனை நாளில், வசீகரனையே கொல்லும்படி அதைச் சோதிக்கும் விஞ்ஞானி போரா கட்டளையிடுகிறார். யார், எதற்கு என்று கேட்காமல் சிட்டி பாய்கிறது. நல்லது கெட்டது தெரியாத இயந்திரம் என்று சொல்லி அனுமதி மறுக்கப்படுகிறது. இன்னொரு காட்சி இதைவிடக் கொடியது. தீப்பிடித்த கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி அப்படியே தூக்கிவந்து ஊர் முன்னால் நிறுத்துகிறது. அவமானம் தாங்காமல் ஓடிய அந்தப் பெண் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். உயிரைக் காப்பாற்று என்ற கட்டளையை இயந்திரம் சரியாகவே நிறைவேற்றியது. மானம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியவில்லை.

பிறகு அதே சிட்டிக்குச் சிவப்புச் சில்லைப் பொருத்தி அழிவுக்கு ஏவியது யார்? ஆயுதத்தை விலைபேசிய அதே போரா. 1986இல் வந்த 'விக்ரம்' படத்திலும் இதே கதைதான்: நாட்டின் ஏவுகணையைத் திருடி நாட்டின் மீதே ஏவப் பார்க்கிறவன் ஒரு மனிதன். இரண்டு படங்களிலும் எழுத்தாளர் சுஜாதாவின் கை இருந்தது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்த பொறியாளர் அவர். கருவியைச் செய்யத் தெரிந்தவரே அது யார் கைக்குப் போகும் என்று கவலைப்பட்டிருக்கிறார். செய்யத் தெரியாத நாம் கவலையே இல்லாமல் இருக்கிறோம்.

இயந்திரத்தின் பேச்சை மனிதன் ஒருவன் நம்ப மறுத்ததால் உலகம் தப்பித்த நிஜக் கதை ஒன்றும் உண்டு. 1983 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்கா ஏவுகணைகளை ஏவிவிட்டது என்று சோவியத் எச்சரிக்கைக் கணினி அலறியது. பணியில் இருந்த அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெத்ரோவ், நிஜப் போர் என்றால் வெறும் ஐந்து ஏவுகணைகளோடு யாரும் தொடங்கமாட்டார்கள் என்று யோசித்தார். பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேகத்தில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணை என்று நினைத்திருந்தது. அன்று அந்த நாற்காலியில் ஒரு மென்பொருள் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்த நாற்காலியைத்தான் இப்போது காலி செய்துகொண்டிருக்கிறார்கள். குறியைத் தானே தேர்ந்தெடுத்துத் தானே சுடும் ஆயுதங்களின் ஆபத்தைக் கவனிக்க வேண்டும் என்று 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தது. 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தவை நான்கே நாடுகள். அவற்றில் இந்தியாவும் ஒன்று. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

டெல்லி விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், திருச்சியோடு கோவையும் ஒரு மையம். மோட்டாருக்கும் பம்புக்கும் உதிரிபாகம் கடைந்த கொங்கு நாட்டு லேத் பட்டறைகளுக்கு நாளை டிரோன் பாகங்களுக்கான ஆர்டர் வரும். பெருந்துறையிலும் சுற்று வட்டாரத்திலும் பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் அந்த மென்பொருளை எழுதுவார்கள். வேலை வருவது நல்லதுதான். நாட்டின் பாதுகாப்பும் முக்கியம்தான். ஆனால் சுடும் முடிவை எடுக்கப்போவது யார் என்று கேட்காமல் அந்த வேலையைச் செய்யக்கூடாது. வசீகரனின் தவறு அங்கேதான் தொடங்கியது.

வீட்டுக்குள்ளும் ஆபத்து வந்துவிட்டது. 2022 மார்ச்சில், உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி தன் படைகளைச் சரணடையச் சொல்வதாக ஒரு போலி வீடியோ வந்தது. 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் நடந்தது இன்னும் பெரிய மோசடி: காணொலிக் கூட்டத்தில் தெரிந்த மேலதிகாரிகள் அத்தனை பேரும் போலி முகங்கள் என்று அறியாமல், ஒரு நிறுவன ஊழியர் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். அங்கே அதிபரின் முகத்தையும் அதிகாரியின் முகத்தையும் போலி செய்தவர்களுக்கு உங்கள் பேரனின் குரலைப் போலி செய்வது பெரிய காரியமா? "அம்மாயி, நாந்தானுங்க, ஆக்சிடென்ட் ஆயிருச்சுங்க, உடனே பணம் போடுங்க" என்று பேரன் குரலிலேயே அழைப்பு வந்தால், எந்த அம்மாயிதான் பதறமாட்டார்?

ஆகவே, இவற்றை இன்றே வீட்டில் பேசிவையுங்கள்:

• போர், கலவரம், குண்டுவெடிப்பு வீடியோ வந்தால், நம்பகமான இரண்டு செய்தி நிறுவனங்களாவது சொல்லும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

• பணம் கேட்டு வரும் குரல் எவ்வளவு பழக்கமானதாக இருந்தாலும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்களிடம் உள்ள பழைய எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

• குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லை முடிவு செய்யுங்கள். அப்பிச்சிக்கும் அம்மாயிக்கும் முதலில் சொல்லிக் கொடுங்கள்.

• பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்குச் சாதகம்.

• கல்லூரி ஆசிரியர்களே, தானியங்கித் தொழில்நுட்பம் கற்பிக்கும் வகுப்பிலேயே அதைத் தவறாகப் பயன்படுத்தினால் யார் பொறுப்பு என்ற பாடத்தையும் நடத்துங்கள்.

'எந்திரன்' படத்தின் கடைசிக் காட்சி 2030ஆம் ஆண்டில் நடக்கிறது. படம் வந்தபோது அது தொலைதூரம். இப்போது கைக்கெட்டும் தூரம். யாரைச் சுடுவது, எதை நம்புவது, எதைப் பரப்புவது என்ற முடிவுகளை எந்த இயந்திரத்திடமும் ஒப்படைக்காதீர்கள். ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பக் கேட்டு வாங்க முடியாது. உஷாருங்க!