அலைதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் பொருள் வேறுபாடு

முன்னுரை

ஆங்கிலத்தில் வாண்டர், ரோம், ராம்பிள், மியாண்டர், ஸ்ட்ரே, வேக்ரன்ட் ஆகிய சொற்கள் அலைதல் என்னும் பொதுப்பொருளில் நெருங்கி நிற்கின்றன. தமிழாக்கத்தில் இவை ‘அலை’, ‘திரி’ என்னும் இரு வினைகளுள் அடங்கிவிடுவதுண்டு. நோக்கம், பரப்பு, நெறி, குற்றம் என்னும் அடிப்படைகளில் இவற்றின் பொருள் எல்லைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

நோக்கமும் பரப்பும்

வாண்டர் என்பது பழைய ஆங்கிலக் காலம் முதல் வழங்கிவரும் சொல். குறித்த இலக்கு இன்மையே இதன் உட்பொருள். எனவே, நடப்பவருக்கு மட்டுமன்றிச் சிதறும் மனத்திற்கும் இச்சொல் பொருந்தும். ரோம் என்பது பரந்த வெளியில் தடையின்றி இயங்குதலைச் சுட்டும். சொந்த வலையமைப்பின் எல்லைக்கு அப்பாலும் கைப்பேசி இயங்கும் ‘ரோமிங்’ வசதி இப்பொருளின் நீட்சியாகும். ராம்பிள் என்பது இன்பம் கருதிய நடை. கோவையின்றிப் பேசுதலையும் எழுதுதலையும் அது குறிக்கும். சாமுவேல் ஜான்சன் 1750 முதல் 1752 வரை வெளியிட்ட கட்டுரை இதழின் பெயர் ‘தி ராம்பிளர்’ என்பதாகும்.

நெறியும் விலகலும்

மியாண்டர் என்பது இன்றைய துருக்கியில் பாயும் ஆற்றின் பழம்பெயரிலிருந்து வந்தது. இங்குச் செல்பவரின் நோக்கத்தைவிடச் செல்லும் வழியின் வளைவே முதன்மை பெறுகிறது. ஸ்ட்ரே என்னும் சொல்லோ, இருக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு, அதனின்று விலகுதலை உணர்த்துகிறது. கட்டாக்காலி மாடு இதற்குச் சான்று. காட்டில் உலவும் யானைக்கு ரோம் பொருந்தும். அதுவே ஊருக்குள் புகின் ஸ்ட்ரே எனப்படும். சொல் மாறும்போது, எவ்விடம் எவருக்குரியது என்னும் தீர்ப்பும் உடன் மாறுகிறது.

சட்டமும் சொல்லும்

வேக்ரன்ட் என்பது வீடும் தொழிலுமின்றி அலைபவரைக் குறிப்பது. இங்கிலாந்தின் 1824ஆம் ஆண்டுச் சட்டம் இரத்தலையும் வெளியிடங்களில் உறங்குதலையும் தண்டனைக்குரியனவாக்கியது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவில் இயற்றப்பட்ட 1871ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடியினர் சட்டத்தின்கீழ் நாடோடிச் சமூகங்கள் பலவும் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பதியப்பட்டன. மேய்ச்சல், வணிகம், கூத்து முதலிய வாழ்வாதாரங்களுக்காக இடம்பெயர்வோர் நாடோடிகள். அவர்தம் பயணத்திற்கு நோக்கமும் பருவமும் உண்டு. வேக்ரன்ட் என்பதையும் ‘நாடோடி’ எனப் பெயர்த்தால், சட்டம் சுமத்திய பழி ஒரு வாழ்வியலின் மீது படிந்துவிடும்.

முடிவுரை

வாண்டர் அலைதல், ரோம் உலவுதல், ராம்பிள் உலாப்போதல், மியாண்டர் வளைந்து செல்லுதல், ஸ்ட்ரே வழிவிலகுதல் எனப் பகுத்தாளுதல் பெரும்பாலான இடங்களில் பொருந்தும். வேக்ரன்ட் என்பதற்கு மட்டும் சூழல் நோக்கிய விளக்கம் இன்றியமையாதது. ஆவணங்களைத் தமிழாக்குவோர் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்வது, மொழித் தெளிவோடு வரலாற்று நேர்மையையும் காக்கும்.