மெத்தை உறையின் நெசவும் இரவு நேர மூச்சிரைப்பும்

ஆஸ்துமா உள்ள குழந்தைக்குத் தூசி உண்ணியால் ஒவ்வாமை இருப்பது பரிசோதனையில் தெரியவந்தால், மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த தடுப்பு உறை இடுமாறு நாங்கள் அறிவுறுத்துவதுண்டு. “வீட்டில் பருத்தி உறை இருக்கிறதே, அது போதாதா?” என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். இக்கேள்விக்கான விடை துணியின் நெசவில் உள்ளது.

நீளவாக்கில் செல்லும் பாவு நூல்களும் குறுக்கே செல்லும் ஊடை நூல்களும் ஒன்றன் மேலும் கீழுமாகப் பின்னும்போது துணி உருவாகிறது. நூல்களுக்கு இடையே நுண்ணிய துளைகள் எஞ்சுகின்றன. சாதாரணப் பருத்தித் துணியில் இத்துளைகள் தலைமுடியின் தடிமன் அளவுக்குக்கூட இருக்கலாம். தூசி உண்ணியின் நீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். அதன் கழிவுத் துகள்களோ பெரும்பாலும் 10 முதல் 40 மைக்ரான் வரையே இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் 1,000 மைக்ரான்கள் அடங்கும். ஒவ்வாமையைப் பெரிதும் தூண்டுவது இக்கழிவே. குழந்தை புரண்டு படுக்கும்போது அது சாதாரண உறையைக் கடந்து மேலெழும்புகிறது.

தடுப்பு உறைகளில் மிக மெல்லிய இழைகளை நெருக்கி நெய்து, துளைகளை 10 மைக்ரானுக்கும் குறைவாக்குகின்றனர். காற்றும் வியர்வை ஆவியும் அவற்றின் வழியே செல்லும். கழிவுத் துகள்கள் செல்ல இயலாது. பிளாஸ்டிக் உறையும் துகள்களைத் தடுக்கும். ஆயினும் அதில் புழுக்கம் மிகுதி.

உறை வாங்கும்போது நூல் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். நூல் எவ்வளவு மெல்லியது, எவ்வளவு நெருக்கமாக நெய்யப்பட்டுள்ளது என்பவையே துளையின் அளவைத் தீர்மானிக்கின்றன. எனவே துளை அளவு குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். உறை ஆறு பக்கமும் மூடி, ஜிப் முழுவதும் பூட்டும்படி இருத்தல் வேண்டும். கிழிந்த உறையால் பயனில்லை. மேல்விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவையுங்கள். மெத்தையை வெயிலில் உலர்த்துவது நல்லதே. எனினும் உள்ளே தங்கிய கழிவு அதனால் அகலாது.

முக்கியமான ஒன்று: உறை மருந்துக்கு மாற்றன்று. ஒவ்வாமைக்குக் காரணம் தூசி உண்ணி அல்லாதபோது அதனால் பயன் கிட்டுவதும் அரிது. குழந்தை இரவில் நன்றாக உறங்கத் தொடங்கியதும் இன்ஹேலரைத் தாமாக நிறுத்திவிடும் பெற்றோரும் உளர், அது ஆபத்தானது. மருந்தைக் குறைப்பதா, தொடர்வதா என்பதை மருத்துவருடன் கலந்தே முடிவு செய்யுங்கள்.