பார்த்ததும் பிடித்துவிட்டதா? வீட்டுக்குப் பொருந்துமா என்றும் பாருங்கள்!

தீபாவளி என்றால் ஊரெல்லாம் வெடிச் சத்தம். செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கலில் மட்டும் அன்றைக்கும் அமைதிதான். ஏரிக்கு வந்து தங்கியிருக்கும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஊர் மக்கள் பட்டாசு வெடிப்பதைத் தவிர்த்து வருகிறார்கள். பறவைகளை யாரும் சுடாமல் இருக்க 1798-லேயே அன்றைய ஆங்கிலேய கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள் அவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

வந்து தங்கும் உயிருக்காக ஓர் ஊரே தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. நாய்க்குட்டி ஒன்றைத் தத்தெடுக்க நினைக்கும் குடும்பமும் இப்படித்தான் யோசிக்க வேண்டும். 'இந்த நாய் நமக்குப் பிடித்திருக்கிறதா?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'நம் வீடு இந்த நாய்க்குச் சரிப்படுமா?' என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் தூக்கிவந்த நாய்கள்தான் பெரும்பாலும் மறுபடி தெருவுக்கு வந்துவிடுகின்றன.

வெள்ளத்தில் தொடங்கிய வேலை

கைவிடப்பட்ட நாய்களுக்கு அடைக்கலம் தருவதில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1959-ல் விமானி கேப்டன் வி.சுந்தரம், மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் காப்பாற்றி வீட்டுக்கு எடுத்து வந்தார். அவரும் மனைவி உஷா சுந்தரமும் பிள்ளைகளும் தொடர்ந்த அந்த வேலைதான் 'புளூ கிராஸ் ஆஃப் இந்தியா'வாக வளர்ந்தது. தெருநாய்களைக் கொல்லாமல், கருத்தடை செய்து எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று 1960-களிலேயே சொன்ன அமைப்பு அது.

மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய திருவான்மியூரில் இருக்கிறது கலாக்ஷேத்ரா. அதை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் நாடாளுமன்றத்தில் எடுத்த முயற்சியின் பலன்தான் 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். வளர்த்த பிராணியைப் பட்டினியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது இந்தச் சட்டப்படி குற்றம்.

சின்ன நாய் என்றால் சுலபமா?

'பெரிய நாய் நமக்குச் சரிப்படாது, சின்னதாக ஒன்று போதும்' என்பதுதான் பலரின் எண்ணம். உருவம் சின்னதாக இருந்தாலும் தேவைகள் சின்னதாக இருப்பதில்லை.

பொமரேனியன் மடியில் உட்காரும், ஆனால் அழைப்பு மணி அடித்தால் வீடே அதிரக் குரைக்கும். அடர்ந்த முடியைத் தினமும் சீவிவிட வேண்டும். வெயில் காலம் என்று மொட்டையடிப்பதும் தவறு. 

பக் இன நாய் 2003-ல் வந்த ஒரு செல்போன் விளம்பரத்தால் நம் ஊரில் பிரபலமானது. அதன் முகம் சப்பையாக இருப்பதால் மூச்சு விடுவதே சிரமம். செங்கல்பட்டு பக்கத்து மே மாத வெயிலில் நண்பகல் நடைக்கு அழைத்துப் போனால் உயிருக்கே ஆபத்து. 

டாஷ்ஹண்டுக்கு நீளமான முதுகு. மாடிப்படி ஏறி இறங்குவதும் கட்டிலில் இருந்து குதிப்பதும் தண்டுவடத்தைப் பாதிக்கலாம்.

நாட்டு நாய்க்குட்டிகள் நம் வெயிலுக்குப் பழகியவை, முடி பராமரிப்பும் குறைவு. கைக்குள் அடங்கும் குட்டி ஒரு வருடத்தில் நடுத்தர அளவு நாயாகிவிடும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். 'பெண் குட்டி வேண்டாம்' என்று ஒதுக்குபவர்கள் அதிகம். கருத்தடை செய்துவிட்டால் அந்தக் கவலைக்கே இடமில்லை.

எந்த வீட்டுக்கு எந்த நாய்?

இருவரும் வேலைக்குப் போகும் வீடா? இரண்டு மாதக் குட்டி வேண்டாம். அதற்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை சாப்பாடு வைக்க வேண்டும், அடிக்கடி வெளியே அழைத்துப் போக வேண்டும். சில மணி நேரம் தனியாக இருக்கப் பழகிய வளர்ந்த நாயே நல்லது.

ஐந்து வயதுக்குள் குழந்தை இருக்கிறதா? மிகச் சிறிய நாயின் எலும்பு மெலிது. குழந்தை கை தவறிக் கீழே போட்டால் கால் முறியும். வலித்தால் எந்த நாயும் கடிக்கும். குழந்தைகளோடு ஏற்கெனவே பழகிய, நிதானமான நாயாகக் கேட்டு வாங்குங்கள். இருவரையும் தனியே விடாதீர்கள்.

வீட்டில் தாத்தா, பாட்டி மட்டும்தானா? சின்ன இன நாய்கள் 12 முதல் 15 வருடம் வரை வாழக்கூடியவை. துள்ளும் குட்டி காலைச் சுற்றி வந்தால் பெரியவர்கள் தடுக்கி விழ வாய்ப்பு உண்டு. ஏழெட்டு வயதான நாய் அவர்களுக்கு அருமையான துணை. காப்பகங்களில் யாரும் கேட்காமல் காத்திருப்பவையும் இந்த வயதான நாய்கள்தான்.

வார இறுதியில் மட்டும் போய் வரும் கடற்கரைப் பண்ணை வீட்டுக்காக நாய் தேடுகிறீர்களா? தயவுசெய்து வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள் மனித முகம் பார்க்காமல் கட்டிக் கிடப்பதைவிட அது காப்பகத்திலேயே இருக்கலாம்.

காப்பகத்தில் என்ன கேட்க வேண்டும்?

ஒரே நாளில் முடிவெடுக்காதீர்கள். வீட்டில் உள்ள எல்லோரையும் அழைத்துக்கொண்டு இரண்டு முறையாவது போய்ப் பாருங்கள். நாய் எப்படிக் கிடைத்தது, தனியாக இருக்குமா, மற்ற நாய், பூனைகளோடு சேருமா, சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுமா, வெடிச் சத்தத்துக்கு எப்படி நடந்துகொள்ளும், என்னென்ன ஊசி போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களும் உங்களிடம் வாடகை வீடா, வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பார்கள். கோபப்பட வேண்டாம். அந்த நாய் ஒரு முறை ஏமாந்திருக்கிறது. இன்னொரு முறை ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை கேள்வியும்.

3 நாள், 3 வாரம், 3 மாதம்

மீட்பு நாய்களுக்கு இப்படி ஒரு கணக்கு சொல்வார்கள். முதல் 3 நாள் பயத்தில் மூலையில் ஒடுங்கும், சாப்பிடாமலும் இருக்கலாம். 3 வாரத்தில் வீட்டின் நேரம், பழக்கம் பிடிபடும். இது தன் வீடு என்ற நம்பிக்கை வர 3 மாதம் ஆகும். முதல் வாரமே உறவினர்களை அழைத்துக் காட்டி, கையில் தூக்கிக் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். சத்தமில்லாத ஒரு மூலை, ஒரு கிண்ணம் தண்ணீர், தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு போதும். சாக்லேட், வெங்காயம், திராட்சை, சமைத்த எலும்பு ஆகியவற்றைக் கொடுக்கவே கூடாது.

குட்டி என்றால் 6 முதல் 8 வாரத்தில் பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசி தொடங்க வேண்டும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறு ஊசி. விளையாட்டாகப் பல் பட்டாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போய்விட வேண்டும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

வெடிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கும் நாய்க்கு, பட்டாசு வெடிக்காத வேடந்தாங்கல் போன்ற ஊரில் ஒரு வீடு கிடைத்தால் அதைவிட நிம்மதி இல்லை. ஆனால், அங்கேயும் ஒரு நிபந்தனை உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் கூடும் ஏரிக்கரையில் நாயை அவிழ்த்துவிட முடியாது. துரத்தி விளையாடியே ஆக வேண்டும் என்கிற துடிப்பான நாய்க்கு அந்த ஊர் சரிப்படாது. பயந்த சுபாவமுள்ள, திண்ணையில் படுத்துக்கொண்டு போகிற வருகிறவரை வேடிக்கை பார்க்கும் நாய்க்கு அதுவே சரியான இடம்.

காப்பகத்துக்குப் போகும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு நாளைய நேரக் கணக்கை எழுதிப் பாருங்கள். காலை நடைக்கு யார், மதியம் யார், தீபாவளி இரவில் பக்கத்தில் யார் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் இருந்தால் கிளம்பலாம். இல்லையென்றால், கொஞ்சம் பொறுத்துப் போகலாம்.